கட்சுகியைத் திருப்பிக் கூட்டிவருதல்

1.

இந்தக் கதையை நானாக எடுக்கவில்லை, ஃபுமினோ கேட்டாள். போன பிப்ரவரியில், எங்கள் ஒதாரி கிராமத்து மலைச்சரிவில் பனி பெயர்ந்து அவள் அண்ணன் கட்சுகியைக் கொண்டுபோனது. பனிச்சறுக்கில் ஒருவர் இறங்கி முடிக்கும்வரை மற்றவர் மேலே நிற்பது வழக்கம். நின்றவள் அவள்.

"கதையிலயாவது அண்ணனைத் திருப்பிக் கூட்டிட்டு வந்துடுங்கக்கா."

சரி என்றேன். சொல்வது சுலபம், கண்ணுகளா.

2.

முதல் தொடக்கம்: 'வெள்ளைப் புலியாகப் பாய்ந்த பனி அவனை—'

(அடித்துவிட்டேன். பனிக்குப் பசி கிடையாது.)

இரண்டாம் தொடக்கம்: முகட்டில் அண்ணனும் தங்கையும், பனி நிலைக்குமா சரியுமா என்று குழி வெட்டிப் பார்க்கிறார்கள். மேலே காற்று இறுக்கிய பனி, பலகை மாதிரி. அதனடியில் சர்க்கரைபோல் ஒன்றோடொன்று ஒட்டாத பனி. கட்சுகி மண்வெட்டியால் லேசாகத் தட்டினான். மேலிருந்த பலகை வழுக்கி அவன் மடியில் விழுந்தது.

"மடியிலயே வந்து உக்காருதே! மலைக்கு உன்மேல ஒரு கண்ணுண்ணா."

"வாயாடி. ஒசாகாவுல இதைத்தான் கத்துக்கிட்டியா? அங்க பாரு, நேத்து யாரோ இறங்கின தடம்."

"ஆமா, இருக்கு."

"என்ன சொல்றே, இறங்கலாமா?"

"நீ சொல்லு. உன் மலை."

"லீவு போட்டு வந்தவ நீதானே."

அவளுக்குத் திரும்பிப்போக வேண்டும். இவ்வளவு தூரம் ஏறிவந்தவன் ஆசையைக் கெடுப்பானேன் என்று வாயை மூடிக்கொண்டாள். அவனுக்கும் திரும்பத்தான் வேண்டும்.*

* இது என் ஊகம். இங்கே பிறத்தியார் ஆசைக்குக் குறுக்கே நிற்பதுபோல் மரியாதைக்குறைவு வேறில்லை.

3.

முடிவு ஒன்று. "போலாம்ண்ணா, எனக்குப் பயமா இருக்கு" என்கிறாள். திரும்புகிறார்கள். சூடாக சூப் குடிக்கிறார்கள்.

படித்துக் காட்டினேன். ஃபுமினோ, "இவ்வளவுதானாக்கா? இதைச் சொல்லியிருந்தாப் போதுமா?" என்றாள்.

கிழித்துப் போட்டேன். கதைக்குள் அவனைக் காப்பாற்றப் போய், வெளியே அவள்மேல் பழியைப் போட்டிருக்கிறேன்.

முடிவு இரண்டு. பனி சரியவில்லை. இருவரும் இறங்கி, கீழே நின்று சிரிக்கிறார்கள். மீட்புக் குழுவிலிருக்கும் குராமோச்சியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"முக்காவாசி நாள் இப்படித்தாங்க நடக்குது. அதுதான் ஆபத்தே. சரியாத பனி, 'நீ செஞ்சது சரி'ன்னு சொல்லிக்குடுத்துடும். அடுத்த வாரம் இதைவிடச் செங்குத்தாப் பார்த்துப் போவாங்க."

4.

முடிவு மூன்று நடந்துவிட்டது. அதை எழுத மாட்டேன்.

இன்று ஃபுமினோ வந்து, அந்த நட்சத்திரக் குறிமேல் விரலை வைத்தாள்.

"அவனுக்கும் திரும்பணும்னு இருந்துச்சா? நெஜமாவாக்கா?"

இருந்தது என்றால், அவளுக்காகவே இறங்கினான் என்றாகும். இல்லை என்றால், அவன் ஆசைப்பட்டு இறங்கினான். முகட்டில் பயந்து நின்றவள் அவள் ஒருத்திதான் என்றாகும். எது அவளைத் தூங்கவிடும்? நான் வாயைத் திறந்து—

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கதை கிடக்கட்டும், கண்ணுகளா. அவளுக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?