நாடாவின் ஓரம்

எண்பத்தாறாம் வருஷம் கொடைக்கானலில் சொந்தமாகக் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களைத் தேடினால் பரமானந்தம் வீட்டில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும். மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். நாயுடுபுரம் ஏற்றத்தில் தகரக் கூரை போட்ட வாடகை வீடு. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார டாக்டர் தம்பதி சாமான்களை விற்றபோது, மற்றவர்கள் கட்டிலையும் கம்பளியையும் தூக்கிக்கொண்டு போக, இவர் அந்தச் சின்ன கம்ப்யூட்டரையும் அதோடு சேர்ந்த டேப் ரெக்கார்டரையும் ஒரு பெட்டி கேசட்டுகளையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

ஒரு நோட்டுப் புத்தகம் அளவுதான் இருக்கும் அது. படம் தெரிய டி.வி.யோடு சேர்க்க வேண்டும். புரோகிராம் எல்லாம் கேசட்டில். ரெக்கார்டரைத் தட்டிவிட்டால் தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி ஒரு கிரீச்சல் வரும். அந்தச் சத்தத்தைத்தான் மிஷின் எழுத்தாக மாற்றி வாங்கிக்கொள்ளும்.

கேசட்டுகளில் ஒன்று டாக்டரே எழுதிய வானப் படம். தேதியைக் கொடுத்தால் அன்றைக்குக் கொடைக்கானல் வானத்தில் எந்த நட்சத்திரம் எங்கே என்று புள்ளி வைத்துக் காட்டுமாம். அதை வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்று பரமானந்தத்துக்கு வெறி. ஆனால் அதற்கு மெமரி போதவில்லை. மிஷினின் பின்பக்கத்தில் டாக்டர் செருகி வைத்திருந்த மெமரிப் பெட்டி அவர் காலத்திலேயே செத்துப்போயிருந்தது. மெட்ராஸிலிருக்கும் மைத்துனரிடம் சொல்லி நினைவுச் சிப்புகள் வரவழைத்தார். ஒரு சனிக்கிழமை வெள்ளனே எழுந்து, மூடியைக் கழற்றி, காலியாகக் கிடந்த குழிகளில் ஒவ்வொன்றாகப் பொருத்தினார்.

மிஷின் உயிரோடு எழுந்தது. புது மெமரியை முழுசாகக் காட்டியது. வானப் படம்தான் ஏறவில்லை. பாதி தூரம் ஒழுங்காக வரும். பிறகு திரை கோடு கோடாகக் கலங்கி நின்றுவிடும். சிப்புகளை இடம் மாற்றிப் போட்டார். அவற்றின் கம்பிக் கால்களைத் தேய்த்துத் துடைத்தார். மதியத்தில் மலை மஞ்சு மூடுபனியாக இறங்கினால் வீட்டுக்குள் எல்லாமே ஈரமாகிவிடும் என்பதால், கரி அடுப்பைப் பக்கத்தில் வைத்து மிஷினைக் காயவைத்தார். கரண்டு ஏறி இறங்குவதற்கு ஸ்டெபிலைசர் வாங்கினார். என்ன செய்தும் அதே இடத்தில் நின்றது.

"அந்தச் சோலிய விட்டுட்டு ஒரு வாய் சாப்பிடுங்க," என்றாள் மனைவி தெரசம்மாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவள். "டப்பா எங்க போயிறப்போகுது? அங்கனதான கெடக்கு."

எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் கோளாறு மிஷினில் இல்லை, கேசட் நாடாவில்தான் என்று ஒருநாள் அவருக்கு உறைத்தது. கம்ப்யூட்டருக்குப் போகும் வயரைப் பிடுங்கிவிட்டு, ரெக்கார்டரைக் காதோடு வைத்துக் கேட்டார். வெளியே மஞ்சு ஜன்னலில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டிருந்தது. கிரீச்சல் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடம் வந்ததும், கிரீச்சலுக்கு அடியில் யாரோ மூச்சு இழுத்தார்கள்.

"இப்பப் பேசட்டுமா?"

பரமானந்தம் ரெக்கார்டரைக் கட்டிலில் போட்டுவிட்டார். பெண் குழந்தையின் குரல். கிணற்றின் ஆழத்திலிருந்து கேட்கிற மாதிரி இருந்தது. திருப்பி ஓட்டினார். மறுபடியும் அதே மூச்சு, அதே கேள்வி. தெரசம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "எனக்கு எரைச்சல்தாங்க கேக்குது. சரியாத் தூங்குறீங்களா?" என்று அவர் கண்ணிமையை நர்ஸ் தோரணையில் இழுத்துப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவருக்கு வீடே சரியில்லை. கரும்பலகையில் எழுதும்போது சாக்பீஸ் கிரீச்சிட்டால் பின்னால் யாரோ அனுமதி கேட்டுக்கொண்டு நிற்பது போலிருந்தது. கேசட்டைத் தொடவும் பயம், தொடாமலிருக்கவும் முடியவில்லை.

லெட்சுமி அவர்கள் வீட்டுக்கு விறகும் தண்ணீரும் கொண்டுவந்து தருகிறவள். சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இரண்டு நாட்டு ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்து, இங்கே காட்டு வேலைக்கு வந்த குடும்பம். இவர்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் அந்த டாக்டர் வீட்டில்தான் வேலை பார்த்தாள். ஒருநாள் மதியம் பரமானந்தம் கேசட்டை ஓட்டிக்கொண்டிருக்கையில் அவள் விறகோடு பின்வாசலில் நுழைந்தாள். சுமை தலையிலேயே இருக்க, அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐயா, அது என்னாங்க?"

"உனக்குக் கேக்குதா லெட்சுமி?"

விறகு சரிந்து தரையில் சிதறியது. "எங்க செல்வராணிங்க," என்றாள். "எம் புள்ள."

பிள்ளை இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. விஷக் காய்ச்சல். டாக்டரே பார்த்தும் பிழைக்கவில்லை. அதற்கு முன்னால் ஒருநாள், டாக்டர் வீட்டுத் துரைசானி விளையாட்டாகத் தன் ரெக்கார்டரை நீட்டி, பிள்ளையைப் பேசச் சொல்லியிருக்கிறாள்.

"காரியம் முடிஞ்சப்புறம் ஒருக்கா அந்தக் குரலக் கேக்கணும்னு கெஞ்சினேங்க. தொரைசானி வீடெல்லாம் தேடினாங்க. ஆம்புடலன்னுட்டு அவங்களும் அழுதாங்க."

தெரியாமல் டாக்டர் அதே கேசட்டில் தன் வானத்தைப் பதிந்துவிட்டார் போலும். பழையது முழுக்க அழிய வேண்டியது. நாடாவின் ஓரத்தில் ஒரு நூல் அகலம் அழியாமல் தப்பியிருக்கிறது. ஜீப்பில் குலுங்கி வந்ததில் ரெக்கார்டரில் நாடாவைத் தொட்டுப் படிக்கும் தலை சற்றே சாய்ந்து அந்த ஓரத்தையும் சேர்த்துப் படித்திருக்கிறது. இதைப் பரமானந்தம் விளங்கிக்கொண்டதும் பயம் விட்டது. அந்த இடத்தில் துக்கம் வந்து உட்கார்ந்தது.

சிறு திருப்புளியால் தலையின் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். கிரீச்சல் அடங்க அடங்கக் குரல் மேலே வந்தது. "இப்பப் பேசட்டுமா? எங்கம்மா எங்க? அம்மா வரட்டும், பேசுறேன்." பிறகு ஒரு சிரிப்பு. அவ்வளவுதான், மீதியைக் கிரீச்சல் விழுங்கிவிட்டது.

"நான் கொல்லையில துணி தொவைச்சுக்கிட்டு இருந்தேங்க," என்றாள் லெட்சுமி. "கூப்புட்டாங்க. ஈரக் கையோட எப்புடி வர்றதுன்னு போகல."

அதன்பின் அவள் தினமும் வந்தாள். விறகை இறக்கிவிட்டு அறை வாசலில் குந்துவாள். அவர் ஓட்டிக் காட்டுவார். ஒருதடவை என்பது இரண்டாகும், நாலாகும். வாரங்கள் போகப் போக அவள் கன்னம் ஒட்டியது. வேறு வீட்டு வேலைகளை விட்டுவிட்டாள். தெரசம்மாள் இப்போது கண்ணிமை இழுத்துப் பார்க்கவில்லை. "அவ சாப்புடுறதே இல்லங்க. வெரசா இத நிப்பாட்டுங்க, நல்லதுக்கில்ல," என்றாள்.

நிற்பாட்டச் சொல்லப் பரமானந்தத்துக்கு வாய் வரவில்லை. ஆனால் குரலே தேய ஆரம்பித்தது. 'எங்கம்மா' என்பதில் முதல் எழுத்து போனது. சிரிப்பு இருமல் போலானது. ரெக்கார்டரைத் திறந்து பார்த்தார். தலையில் காப்பித்தூள் போலப் பழுப்புப் பொடி அப்பியிருந்தது. ஓட்ட ஓட்ட நாடா உரிந்துகொண்டிருந்தது. உடனே பள்ளியிலிருந்து இன்னொரு ரெக்கார்டர் வாங்கிவந்து, புதுக் கேசட்டில் நகல் எடுத்தார்.

நகலைக் கேட்ட லெட்சுமி தலையாட்டி மறுத்தாள். "இது அவ இல்லிங்க. இதுல அவ மூச்சுவிடல."

"லெட்சுமி, உள்ளதச் சொல்றேன். ஒவ்வொரு தடவ கேக்கும்போதும் அந்தக் குரல் அழியுது. இந்தா பாரு." பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ரெக்கார்டரின் தலையைத் துடைத்து நீட்டினார். வெள்ளைப் பஞ்சில் பழுப்பாக அந்தப் பொடி.

அவள் நெடுநேரம் அதையே பார்த்தாள். "இது அவ குரலுங்களா?"

நாடாவில் பூசியிருக்கும் இரும்புத் துரு என்று சொல்ல வாயெடுத்தார் பரமானந்தம். கதவோரம் நின்ற தெரசம்மாள் முந்திக்கொண்டாள். "ஆமா லெட்சுமி."

லெட்சுமி இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள், கோயிலில் திருநீறு வாங்குவது போல. பஞ்சை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கேசட்டையும் கொண்டு போ. அது உன்னுதுதான்," என்றார்.

"அந்தக் கத்தலு எனக்கு வேணாங்க. புள்ள பாவம், அதுக்குள்ள எம்புட்டு நாளா நின்னுச்சோ! நான் கூட்டிக்கிட்டுப் போறேன்."

அன்று அவள் போனபோது மஞ்சு பாதையை மூடியிருந்தது. தனியாகத்தான் போனாள்; இருந்தாலும் பாதையின் ஒரு பக்கமாக ஒதுங்கி, யாருக்கோ இடம் விட்டு நடந்ததைப் புருஷனும் பெண்டாட்டியும் பார்த்தார்கள்.

ஒரு வாரம் கழித்து அவர் திருகை எதிர்ப் பக்கம், சாய்ந்த தலை நிமிரும்வரை திருப்பினார். உரிந்தது ஓரம் மட்டும்தான் போலும், புரோகிராம் தடங்கலே இல்லாமல் ஏறியது. கறுத்த திரையில் முகப்பாகச் சில வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக முளைத்தன. சிப்புகளில் ஒரு குறையும் இல்லை. மாதக்கணக்காக ஆசைப்பட்ட காரியம். தேதி என்ன என்று மிஷின் கேட்டு நின்றது. அவர் எந்த எண்ணையும் அழுத்தாமல் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த மாதம் பிள்ளைகளை அழைத்து வானத்தைக் காட்டினார். கைதட்டினார்கள். லெட்சுமி வழக்கம்போல விறகு போட்டுக்கொண்டிருந்தாள், சாப்பிடவும் தொடங்கியிருந்தாள். அந்த அறைப் பக்கம் மட்டும் திரும்ப மாட்டாள். தேய்ந்த குரலைத் தேடிப் பரமானந்தமும் போகவில்லை. ஆனால் எந்தக் கேசட்டைப் போட்டாலும், கிரீச்சல் தொடங்குவதற்கு முன்னால் வரும் அந்தச் சின்ன அமைதியில், யாரோ மூச்சை இழுத்துக்கொண்டு தன் அனுமதிக்காகக் காத்திருப்பதாக அவருக்குத் தோன்றும். வாய்விட்டுச் சொல்லமாட்டார், மனசுக்குள் ஒருதரம், "பேசும்மா," என்பார். பிறகுதான் பொத்தானிலிருந்து கையை எடுப்பார்.