ஐம்பத்திரண்டாயிரம் டாலர் சம்பளம்

மொழியியல் துறையில் இடம் கிடைத்த பிள்ளைகளையும் பெற்றவர்களையும் வரவழைத்து, ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காய்ந்த சாண்ட்விச் போடுவது ஒஹையோவில் எங்கள் பல்கலைக்கழகத்தின் வழக்கம். மே ஒன்றாம் தேதிக்குள் முன்பணம் கட்ட வைக்க வேண்டுமே! கூடவே பழைய மாணவர் ஒருவரைக் கூட்டி வந்து காட்டுவார்கள். இந்த வருஷம் பலிகடா நான்.

"மார்னி, ‘தகவல் தொடர்புத் துறையில இருக்கேன்’னு சொல்லிடு, போதும்" என்றார் பேராசிரியர் கில்க்ரிஸ்ட், வாசலிலேயே.

பல் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் போன் எடுக்கிறேன். கடைவாய்ப் பல்லுக்குப் பணம் வராது என்று சொல்லி நாள் முழுக்க ஊராரிடம் திட்டு வாங்குகிறேன். தொடர்புதான், யார் இல்லையென்றது?

"வேற யாரும் கிடைக்கலையா சார்?"

"கூப்பிட்டேன். எல்லாரும் பிஸி."

பிஸியாம்! மானமுள்ளவன் எவன் வருவான்? நான் வந்தது, வண்டிக்குப் பெட்ரோல் காசு தருகிறேன் என்றார்கள், அதற்காக. அந்த நாற்பது டாலர்கூட எனக்கு இப்போது பெரிசு.

சாப்பாட்டு மேசையில் என் எதிரே ஒரு அம்மாவும் பெண்ணும் உட்கார்ந்தார்கள். அம்மா பெயர் டாரீன், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். பெண் ப்ரின்னுக்குப் பதினெட்டு வயது. டாரீன் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள். பெற்றோர் பெயரில் வாங்கும் படிப்புக் கடனுக்கான விண்ணப்பம். எல்லாம் நிரப்பியாகிவிட்டது, கடைசியில் கையெழுத்தாக அவள் பெயரைத் தட்டுவது ஒன்றுதான் பாக்கி.

"ஏம்மா, நீ இங்க படிச்சவதானே?" என்று கேட்டாள் டாரீன். "இந்தத் தாள்ல போட்டிருக்கிற சம்பளம் நெஜமாவே வருமா? கடன் வருஷத்துக்கு இருபத்தோராயிரம், நாலு வருஷம். எண்பத்துநாலாயிரம் என் தலையில. வரும்னு நீ சொன்னா கண்ண மூடிக்கிட்டு போட்டுடறேன்."

"அம்மா, சும்மா இரேன். அதான் தாள்லயே இருக்குல்ல" என்றாள் ப்ரின்.

"தாள்ல ஆயிரம் போடுவாங்கடி."

துறை அச்சடித்த பளபளப்புத் தாள் அது. ‘எங்கள் பட்டதாரிகளின் சராசரிச் சம்பளம்: ஐம்பத்திரண்டாயிரம் டாலர்.’ எந்த மடையன் போட்ட கணக்கோ என்று சிரித்தபடி கையில் வாங்கினேன். அடியில் எறும்பு எழுத்தில் இருந்தது: ஐந்தாண்டுகளுக்கு முந்தைய கணக்கெடுப்பு, மூன்று பதில்கள்.

எனக்குக் குப்பென்று வியர்த்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் வெளியே வந்தது எங்கள் செட். அந்தப் படிவத்தை நிரப்பினால் பீட்சா கூப்பன் என்றார்கள். கிப், லூசில், நான், மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து நிரப்பினோம். கிப் முப்பத்தோராயிரம், லூசில் முப்பத்துமூவாயிரம் என்று யோக்கியமாகப் போட்டார்கள். நான் அப்போது காபிக் கடையில் இருபத்துமூவாயிரத்துக்குக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அன்று காலைதான் வணிகம் படித்த என் பழைய அறைத்தோழி தன் சம்பளத்தைப் பீற்றிவிட்டுப் போயிருந்தாள். வயிற்றெரிச்சலில் தொண்ணூற்றிரண்டாயிரம் என்று எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு ஒருத்தரும் பதில் போடவில்லை போலிருக்கிறது. இந்த வெட்கங்கெட்ட ஜனங்கள் வருஷா வருஷம் அதையே அச்சடித்திருக்கிறார்கள்.

மறைக்க மனசு வரவில்லை. டாரீனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சரியாகக் கூட்டி வகுத்தால் இருபத்தொன்பதாயிரம்தான் வரும் என்றேன்.

பக்கத்து மேசையிலிருந்து கில்க்ரிஸ்ட் பாய்ந்து வந்தார். "மார்னிக்கு எப்பவுமே தமாஷ்தான். ஆளுங்க எழுதிக் குடுக்கறதை நாங்க எப்படிங்க சரிபார்க்கறது?"

"ஏங்க, கணக்குப் பார்க்க மூணே மூணு பேர்தான் கிடைச்சாங்களா?" என்றாள் டாரீன். "எங்க டிப்போவுல டயர் வாங்கறதுக்கே ஏழு கடையில விலை கேப்போம். நீங்கல்லாம் டாக்டர் பட்டம் வேற!"

அவர் அசடு வழிந்துகொண்டு காபிப் பக்கம் நழுவினார். டாரீன் என்னிடம் திரும்பினாள்.

"இப்ப நீ என்ன வாங்கற?"

"முப்பத்தாறாயிரம். கடன் இன்னும் நாற்பத்தேழாயிரம் இருக்கு."

"நான் பஸ் ஓட்டி முப்பத்தொன்பது வாங்கறேன்." லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள். "எந்திரிடி, போலாம்."

ப்ரின் எழுந்திருக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது, ஆனாலும் என்னை விடுவதாக இல்லை.

"உங்களுக்கு நாலு வருஷம் கிடைச்சுதுல்ல? எனக்கு மட்டும் கதவைச் சாத்தறீங்க. சம்பளத்தை விடுங்க. படிச்சது பிடிச்சுதா இல்லையா? அதைச் சொல்லுங்க."

மூன்றாம் வருஷம் ஒரு குளிர்காலம் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நானூறு பேர்கூடப் பேசாத ஒரு மொழியின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதினேன். சாப்பிட மறந்தேன். ஒரு வாக்கியம் எப்படிக் கட்டப்படுகிறது என்று பிடிபட்ட அன்று, பனியில் தனியாகச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். அந்தச் சந்தோஷம் அப்புறம் எனக்கு வாய்க்கவேயில்லை.

"பிடிக்கலை" என்றேன். "சுத்த போர்."

"பொய்! அவங்க மூஞ்சியப் பாரும்மா!" என்றாள் ப்ரின்.

டாரீனும் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெல்ல உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள்.

"வேண்டாங்க. போடாதீங்க. நான்தான் சொல்றேன்ல!" என்று கத்தினேன்.

"நீ சும்மா இரும்மா. பதினெட்டு வருஷமா பஸ் ஓட்டறேன். பிடிச்சிருக்கான்னு ஒரு நாய் கேட்டதில்ல. கேட்டிருந்தாலும் உன் மூஞ்சி இப்ப மலர்ந்த மாதிரி என் மூஞ்சி மலர்ந்திருக்காது."

ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைத் தட்டி, பொத்தானை அழுத்தினாள். ப்ரின் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அந்தத் தாளைக் கிழித்துக் கில்க்ரிஸ்ட்டின் வாயில் திணிக்க வேண்டும் போலிருந்தது.

அவரோ காபிக் கோப்பையோடு ஓடி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அடுத்த வருஷமும் நீதான் வரணும் மார்னி."