மூன்றாவது ஃபார்மெட்

2004ஆம் ஆண்டு ஜூலை 25, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், திருவண்ணாமலை வேங்கிக்காலில் கலெக்டர் அலுவலகத்துக்குப் பின்புறம் உள்ள ஒரு வாடகை வீட்டில், ஒரு கணினிக்கு சிடி ரைட்டர் பொருத்தப்பட்டது.

பொருத்தியவன் இளஞ்செழியன். செங்கம் சாலையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தான். அந்த வீட்டில் குடியிருந்த அன்பரசனுக்கு மாமன் மகன். அன்பரசனின் தங்கை சினேகாவுக்கு அவனைத்தான் பேசி வைத்திருந்தார்கள். ஆடி போனதும் நிச்சயம் என்று முடிவு. சினேகா பிடித்த பாட்டுகளை சிடியில் பதிந்துகொள்ளட்டும் என்று அவனாகவே ரைட்டரைக் கொண்டுவந்தான். வேலை முடிந்ததும் பெட்டியை மூடி, பின்பக்கத் திருகின்மேல் கடைப்பெயர் அச்சடித்த ஸ்டிக்கரை ஒட்டினான். அன்பரசனின் அம்மா சந்திரம்மாள் வடையும் காபியும் கொண்டுவந்து வைத்தாள்.

கணினி அன்பரசனின் மனைவி எழிலரசியுடையது. கல்யாணத்தின்போது அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது. விலங்கியல் படித்தவள்; சென்னையில் இருந்த ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடியே மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் செய்துவந்தாள். அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்த குறிப்புகள் தொலைபேசி வழி இணையத்தில் வந்து சேரும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலடியில் இருக்கும் பெடலை மிதித்து ஓட்டியும் நிறுத்தியும் கேட்டு, தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். காதில் விழாததை ஊகித்து எழுதக் கூடாது, அந்த இடத்தைக் காலியாக விட வேண்டும் என்பது விதி. காலி இடங்கள் கூடினால் மதிப்பெண் குறையும். தொடர்ந்து மூன்று வாரம் தொண்ணூற்றெட்டுக்குக் கீழே போனால் பட்டியலில் பெயர் இருக்காது. இரண்டரை வருடத்தில் அவள் ஒரு வாரம்கூடக் கீழே போனதில்லை. அந்த வீட்டில் பகலில் ஓர் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார அவளுக்கு இருந்த ஒரே காரணம் இந்த வேலைதான்.

ஆகஸ்ட் 9ஆம் தேதி காலை ஒலி திக்க ஆரம்பித்தது. டாக்டர் ஒரு சொல்லைப் பாதி சொல்வார், கரகரவென்று ஓர் இழுப்பு, அடுத்த சொல் விழுங்கப்பட்டுவிடும். பின்னால் ஓட்டிக் கேட்டால் வேறு இடத்தில் திக்கும். ஒரே பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அன்று பதினொரு காலி இடங்கள்.

"செழியனக் கூப்பிட்டாப் போச்சு," என்றான் அன்பரசன். "நம்ம ஆளு இருக்கும்போது இன்னா கவலை?"

இளஞ்செழியன் புதன்கிழமை வந்தான். ஸ்பீக்கரில் ஒரு பாட்டை ஓடவிட்டான். அது நான்கு இடத்தில் திக்கியது.

"வைரஸ், தங்கச்சி. எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மெட் போட்டுட்டா பளிச்சுனு ஆயிடும்."

"அண்ணா, என் ஃபைலுங்க இருக்குதுண்ணா."

"மை டாக்குமெண்ட்ஸ் பூரா எடுத்து வச்சிட்டுத்தான் போடுவேன். எத்தினி வருஷமா கடை நடத்துறேன்."

போட்டான். ஒலி சீராக ஓடியது. அவன் போன பிறகுதான் எழிலரசிக்குத் தெரிந்தது. தட்டச்சுக்காக அவள் சேர்த்துவைத்திருந்த சுருக்கங்கள் இல்லை. மூன்று எழுத்து அடித்தால் ஒரு முழு வாக்கியம் விரியும்படி, இரண்டரை வருடமாக ஒவ்வொன்றாகச் சேர்த்த மூவாயிரத்துக்கு மேற்பட்ட சுருக்கங்கள். அவை மை டாக்குமெண்ட்ஸில் இருப்பவை அல்ல. அவனுக்குப் போன் செய்து கேட்டாள்.

"அது இன்னா பெரிய விஷயம்? திரும்ப அடிச்சுக்கலாம் தங்கச்சி," என்றான்.

நான்கு நாள் கழித்து ஒலி மறுபடி திக்கியது. அதற்குள் முதல் வார மதிப்பெண் வந்திருந்தது: தொண்ணூற்றாறு. இளஞ்செழியன் 18ஆம் தேதி வந்து இரண்டாவது முறை ஃபார்மெட் போட்டான். மூன்று நாள் நன்றாக ஓடியது, பிறகு பழையபடி. இரண்டாவது வார மதிப்பெண் தொண்ணூற்றைந்து. சென்னையிலிருந்து மேற்பார்வையாளர் பலராமன் போனில் கூப்பிட்டார்.

"எழில், இது நீங்க செஞ்ச வேலை மாதிரியே இல்லம்மா. இன்னும் ஒரு வாரம்தான் இருக்கு. பாத்துக்கங்க."

அன்று மத்தியானம் இணையத்தில் தேடி, இரண்டு மணி நேரம் படித்து, காரணத்தைக் கண்டுபிடித்தாள். ஹார்ட் டிஸ்கிலிருந்து தரவு ஒரு பட்டைக் கேபிள் வழியாக வருகிறது. கேபிள் பழுதானால் தரவில் பிழை வரும். பிழை சில தடவை வந்ததும் விண்டோஸ் தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும். பிறகு தானாக ஏற்றாது. வேகம் குறைந்தால் ஒலி திக்கும். ஃபார்மெட் போட்டால் வேகம் பழைய நிலைக்கு வரும், பிழைகள் சேர்ந்ததும் மறுபடி இறங்கும். கணினியின் அமைப்புகளைத் திறந்து பார்த்தாள். வேகம் இறங்கித்தான் இருந்தது.

அன்பரசன் அலுவலகத்திலிருந்து வந்ததும் சொன்னாள்.

"கேபிள மாத்தினா போதுங்க. ரைட்டர் மாட்டினப்போ நசுங்கியிருக்கும். பெட்டியத் திறந்து பாத்துடலாம்."

அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டான். "அவன் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கானே?"

"கிழிச்சுத்தான் திறக்கணும்."

"ஏன் எழிலு, மூஞ்சியிலயே அறையலாமே. நிச்சயத்துக்கு இன்னும் ரெண்டு வாரம் கூட இல்ல. அவன் மாட்டினதே தப்பு, அவனுக்குத் தொழிலே தெரியலனு சொல்லணுமா?"

"சொல்ல வேணாம். நாமளே மாத்திடலாம்."

"திரும்பி வந்து பாப்பான் இல்ல?"

அடுப்படியிலிருந்து சந்திரம்மாளின் குரல் வந்தது. "இவ படிச்ச படிப்புக்கு அவன் கடையவே எழுதி வாங்கிக்கலாம்டா. என் அண்ணன் பையன் வாழ்க்கையில ஒரு கேபிளு கூட மாத்தினதில்ல பாரு!"

25ஆம் தேதி இளஞ்செழியன் மூன்றாவது ஃபார்மெட் போட்டான். எழிலரசி பக்கத்தில் நின்று, "அண்ணா, கேபிள ஒரு தடவ பாத்துடுங்களேன்," என்றாள்.

அவன் சிரித்தான். "தங்கச்சி, கேபிள் கெட்டா கம்ப்யூட்டரே ஆன் ஆவாது. நெட்ல பாத்தியா? நெட்ல கண்டதும் எழுதுவான்."

சினேகாவும் சிரித்தாள். அன்பரசன் அவனுக்குக் கூல்டிரிங்க்ஸ் வாங்கப் போனான்.

வெள்ளிக்கிழமை காலை ஒலி திக்கியது.

சனிக்கிழமை அன்பரசனும் சந்திரம்மாளும் கீழ்பென்னாத்தூருக்கு, மாப்பிள்ளை வீட்டில் நிச்சய ஏற்பாடுகளைப் பேசப் போனார்கள். எழிலரசி பஸ் ஏறி, பெரிய கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஜுபைர் என்பவரின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள். சொன்னதைக் கேட்டுவிட்டு, ஜுபைர் டிராயரிலிருந்து ஒரு சாம்பல் நிறப் பட்டைக் கேபிளை எடுத்தார்.

"இதுக்காம்மா மூணு வாட்டி ஃபார்மெட் போட்டாங்க? தலைவலிக்கு மூணு வாட்டி மொட்டை அடிச்ச கதையா இருக்குதே. எந்தக் கடை?"

"தெரிஞ்சவங்க."

"அப்போ ஜாஸ்தி கேக்கக் கூடாது," என்று கேபிளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

வீட்டில் ஸ்டிக்கரின் விளிம்பை ஆவியில் காட்டி, கத்தி நுனியால் உரித்தாள். அப்படியும் ஓரம் கொஞ்சம் கிழிந்தது. பெட்டிக்குள், சிடி ரைட்டரின் தகர மூலைக்கும் சட்டத்துக்கும் நடுவே பழைய கேபிள் மடிந்து நசுங்கியிருந்தது. மடிப்பில் இரண்டு கம்பிகள் வெளியே தெரிந்தன. டார்ச் பிடித்துக்கொண்டிருந்த சினேகா குனிந்து பார்த்தாள்.

"அவரு மாட்டினப்போ ஆனதா அண்ணி?"

"ஆமா."

சினேகா டார்ச்சை அணைத்தாள். பிறகு அடுப்படிக்குப் போய் நான்கு சோற்றுப் பருக்கைகளைக் கொண்டுவந்தாள். "ஸ்டிக்கர இதால ஒட்டிடலாம். அவருகிட்ட சொல்லாதீங்க அண்ணி. அண்ணன்கிட்டயும்."

எழிலரசி புதுக் கேபிளை மாட்டி, வேகத்தைத் திரும்ப ஏற்றினாள். சினேகா ஸ்டிக்கரை ஒட்டினாள். அன்று வந்த கோப்பு இருபத்திரண்டு நிமிடம்; நுரையீரல் நோயாளி ஒருவரைப் பற்றியது. ஒரு காலி இடம்கூட இல்லாமல் அனுப்பினாள்.

திங்கட்கிழமை பலராமன் கூப்பிட்டார்.

"சனிக்கிழமை அனுப்பினது நூறும்மா. பழைய எழில். ஆனா வாரக் கணக்கு வெள்ளிக்கிழமையோட முடியுது. மூணாவது வாரமும் கீழ. லிஸ்ட் மேல போயிடுச்சு, அதுல உங்க பேரு இல்ல."

"சிஸ்டம் ரிப்பேர் சார். இப்ப சரி பண்ணிட்டேன்."

"முன்னாடியே பண்ணியிருக்கலாமேம்மா."

எழிலரசி ரிசீவரை வைத்தாள்.

நிச்சயம் செப்டம்பர் 5ஆம் தேதி அதே வீட்டில் நடந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு இளஞ்செழியன் கணினியை ஓடவிட்டான். மூன்று பாட்டு முழுதாகக் கேட்டான். பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னான்.

"பாத்தீங்களா அத்தை? சில மிஷினு அப்படித்தான். மூணாவது ஃபார்மெட்லதான் செட் ஆகும்."

"கை ராசி!" என்றாள் சந்திரம்மாள்.

அன்பரசன் பெட்டியின் பின்பக்கம் போய் நின்றான். கிழிந்த ஓரத்தோடு கோணலாக ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தான். பிறகு எழிலரசியைப் பார்த்தான். "மச்சானுக்கு இன்னொரு ஸ்வீட் வை," என்றான்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது சந்திரம்மாள் பேச்சை எடுத்தாள். வேலைதான் இல்லையே, கணினி சும்மாதானே கிடக்கிறது, சினேகாவின் சீரோடு அனுப்பிவிடலாம் என்றாள். அது தன் அப்பா வாங்கிக் கொடுத்தது என்றாள் எழிலரசி. "இந்த வீட்டுக்குக் குடுத்ததுதானே?" என்றாள் சந்திரம்மாள். அன்பரசன் ரசம் ஊற்றச் சொன்னான்.

ஐப்பசியில் கீழ்பென்னாத்தூரில் கல்யாணம். மண்டபத்தில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் பக்கத்தில், சந்தனப் பொட்டு வைத்த கணினியும் சீர்வரிசையில் இருந்தது. இளஞ்செழியனின் கடையாட்கள் அதை ஸ்பீக்கரோடு இணைத்தார்கள். காலை ஆறு மணியிலிருந்து பகல் ஒன்றரை வரை பாட்டு ஓடியது. ஓர் இடத்திலும் திக்கவில்லை.