நிறமில்லாத குழாய்கள்

அக்கா வீட்டுப் பால்கனிச் செடியை அவள் மொட்டையடித்துவிட்டாள். தீப்பட்ட இடத்தில் அரைத்துப் பூசும் இலை அது. காயவைத்து, பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்து எடுத்த சாற்றை ஒரு துளி விட்டதும், ஆய்வகத்தின் ஊதாச் சோதனைக் கரைசல் மஞ்சளாக வெளுத்தது. செல்களை அரிக்கும் மூலக்கூறுகளை அடக்கிவைக்கும் ஏதோ ஒன்று சாற்றுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். அதைத் தனியாகப் பிரித்துக் காட்டினால்தான் அவள் ஆய்வேடு முடியும். செடியோ பூக்கத் தொடங்கிவிட்டது. பூத்தபின் இலையில் ஒன்றும் தேறாது. "இனிமே கத்தரிக்கோலோட வந்தே, கதவே தொறக்க மாட்டேன்," என்று அக்கா வேறு சொல்லியிருந்தாள்.

இருந்த சாறு முழுவதையும், வெள்ளைத்தூள் நிரப்பிய உயரமான கண்ணாடிக் குழலில் ஊற்றினாள். மேலிருந்து கரைப்பானை விட விட, சாறு பட்டை பட்டையாகப் பிரிந்து இறங்கியது. பச்சைப் பட்டை ஒன்று, ஏதோ கடலின் அடியிலிருந்து வந்ததுபோல அத்தனை அழகு. அதைச் சொட்டு விடாமல் சோதனைக் குழாய்களில் பிடித்தாள். அதற்குப் பிறகு நிறமே இல்லாமல் இறங்கியது வெறும் கரைப்பான்தானே என்று, அந்தக் குழாய்களைக் கழுவும் தட்டில் வைத்துவிட்டாள்.

அன்று கழுவும் முறை 'நாளைக்கு'வினுடையது. எந்த வேலையைச் சொன்னாலும் அந்த ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி, பக்கத்து மேசைக்காரனுக்கு அதுவே பெயராகிவிட்டது. அவன் குடுவையில் பூஞ்சை குடும்பம் நடத்துகிறது, வாடகையாவது வசூல் செய்யட்டும் என்று அன்று காலைதான் எல்லார் முன்னாலும் அவள் அவன் மானத்தை வாங்கியிருந்தாள்.

மாலையில் பச்சையை மெல்லிய தகட்டில் பொட்டுப் பொட்டாக வைத்து, ஊதாக் கரைசலைத் தெளித்தாள். மஞ்சள் எட்டிப்பார்க்கும் என்று காத்திருந்தாள். தகடு ஊதாவாகவே இருந்தது. இன்னொரு தகடு. அதுவும் அப்படியே. சாற்றில் இருந்தது பச்சையில் இல்லை என்றால், பிறகு எங்கே போயிற்று?

கழுவும் தொட்டிக்கு ஓடினாள். குழாய்கள் எல்லாம் தலைகீழாக, பளபளவென்று காய்ந்துகொண்டிருந்தன.

"பாத்தியா? ஒண்ணு விடல," என்றான் அவன், கையைத் துடைத்தபடி.

அவள் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னாள். அவன் முகம் சுருங்கிப்போயிற்று. காலையில் தான் பேசிய பேச்சு அவளுக்கே உறுத்தியது.

"உள்ள இருந்தத எங்க ஊத்தின?"

"கழிவு பாட்டில்ல. பழசு நிறைஞ்சுதுன்னு புதுசா ஒண்ணு வச்சேன்."

"கீழ கழிவு எடுக்கிறவங்ககிட்ட குடுத்துட்டியா?"

அவன் தலையைச் சொறிந்தான். "அது வந்து... நாளைக்கு குடுக்கலாம்னு."

பாட்டில் தொட்டிக்கு அடியிலேயே இருந்தது. அதில் கொஞ்சம் எடுத்து, கரைப்பானை வற்றவைத்து, எஞ்சியதைத் தகட்டில் வைத்தாள். தெளித்தாள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள். ஊதா நடுவில், அந்தி வேளையில் யார் வீட்டிலோ விளக்குப் போட்டதுபோல, சின்னதாக ஒரு மஞ்சள் தெரிந்தது.

எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தது. முதலிலிருந்து பிரிக்க வேண்டும். பரவாயில்லை, இருக்கிறதே, அது போதும்.

பாட்டிலை இறுக மூடி, 'யாரும் கொட்டக் கூடாது' என்று எழுதி ஒட்டினாள்.

"எனக்குத்தானே இது?" என்றான், ஒட்டிய சீட்டைக் காட்டி.

"இல்ல," என்றாள். "எனக்கு."