அமீருதீனைப் பழுது பார்த்த வகை

1964ஆம் ஆண்டு மலையாள மிதுன மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், மட்டாஞ்சேரி மிளகுத் தரகர் அமீருதீனின் முதுகை அவர் மனைவி ஜொஹரா பீவி திருப்புளியால் திறந்தாள். அன்று மழை இல்லை. மிளகு விலை சற்று இறங்கியிருந்தது.

அமீருதீன் எதையும் பழுது பார்க்க விடாதவர். ரேடியோ கரகரத்தால் படகுத்துறைக்குப் போய்க் காயலில் எறிந்துவிட்டு, வெலிங்டன் தீவில் கப்பல்காரர்களிடம் புதிது வாங்கி வருவார். பத்து வருடத்தில் ஒன்பது ரேடியோ, நான்கு டார்ச்சு, ஒரு தையல் மிஷின். "பழசை நன்னாக்குறது தரித்திரம் பிடிச்சவன் பணி" என்பார். ஜொஹரா பீவி மீன்காரர்களிடம் சொல்லிவைத்து அவற்றை வலையில் அள்ளச் செய்து, அடுப்படியில் உலர்த்தித் திறந்து பார்ப்பாள். யாரும் அவளுக்குக் கற்றுத்தரவில்லை. கருகியதை மாற்றினாள், அறுந்ததை ஈயம் உருக்கி ஒட்டினாள். ஒன்பதும் பாடின, அவர் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும்.

அந்தத் திங்கட்கிழமை அவர் மத்தியானமே வந்துவிட்டார். ஒன்பதும் சேர்ந்து வானிலை அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தன. "இந்தக் குப்பையை எல்லாம் கொண்டுபோயி..." என்று கையை ஓங்கியவர் அப்படியே நின்றுபோனார். நாடி இல்லை. டாக்டர் பழைய உடம்பு என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் குளிப்பாட்ட வெந்நீர் வைத்திருக்கையில், அவள் அண்ணன் நூர் முகம்மது சாயாவை ஆற்றியபடி ஆறுதல் சொன்னார்.

"விசனப்படாதே. இத்தா இருக்குற நாலு மாசம் பத்து நாளும் முடியட்டும். இதைவிட நல்ல மாப்பிள்ளையா நோக்கலாம்."

அழுகை வரும் என்றிருந்தவளுக்குக் கோபம் வந்தது. "ஆராவது திறந்து நோக்கினீங்களா, இக்கா?"

கதவைச் சாத்தினாள். முதுகில் நான்கு திருகாணிகள் இருந்தன. பதினெட்டு வருடத்தில் அவள் கவனித்ததில்லை. மூன்றைக் கழற்றியபின் கை நின்றது. இனி ரேடியோக்களை ஒளித்துவைக்க வேண்டியதில்லை. வீடு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி அவளுக்குப் பிடிக்கவில்லை. நான்காவதையும் கழற்றினாள். உள்ளே தூசியும் ஒரு பிடி மிளகும், அறுந்த கம்பி ஒன்றும். ஈயம் வைத்து ஊதினாள்.

"...காயல்ல போடு" என்று முடித்தார் அமீருதீன். பிறகு முதுகைத் தடவி, என்ன பொசுங்கல் வாடை என்று கேட்டார்.

"அசையாம இரிங்க, சூடு ஆறலை" என்றாள். அவர் அசையவில்லை. ரேடியோக்கள் அன்றே முன்னறைக்கு வந்தன.

அடுத்த மாதம் தோப்பும்படியிலிருந்து காளியம்மை, நின்றுபோன தன் கணவன் ராமனைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தாள். ஜொஹரா பீவி தட்டிப் பார்த்து, சின்ன வேலைதான், வியாழக்கிழமை நடந்தே வீட்டுக்கு வந்துவிடுவார் என்றாள். காளியம்மை விரல்விட்டு நாள் எண்ணினாள்.

"அவசரம் ஒண்ணுமில்ல, பீவி. ஓணம் கழிஞ்சு போதும்."

ராமனை முகப்பில், சாரல் படாத இடமாகப் பார்த்துச் சாத்தி வைத்தார்கள்.