டிசம்பர் இருபத்தாறில் வந்த கோடை

டிசம்பர் இருபத்தாறாம் தேதி காலை தம்பி கடைக்குள் கோடை வந்துவிட்டது. வெளியே தெருவில் பேப்பர் போடுகிறவர் கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு போனார். உள்ளே துணிப் பிரிவுப் பெண்களுக்குப் பத்து மணிக்கெல்லாம் வியர்க்குரு கிளம்பி, ஒருத்தியை ஒருத்தி முதுகு சொறியச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் வரை ஷோகேஸில் நின்ற கிறிஸ்துமஸ் மரம் போய், அங்கே மணல் கொட்டி, ஒரு சாய்வு நாற்காலியும் பெரிய வெயில் குடையும் வைத்திருந்தது. குடையின் நிழல் உச்சி வெயிலில் விழுவதுபோல மணலில் அழுத்தமாக விழுந்தது. அதற்கு மேலே இருந்தது ஒரே ஒரு ட்யூப் லைட், அதுவும் அன்றைக்கு எரியவில்லை. நிழல் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை, தொப்பி என்ன விலை என்றுதான் கேட்டார்கள். ஒரே ஒரு அம்மா மட்டும் மெழுகுவர்த்தி வேண்டும், நேற்றைக்கு வாங்க மறந்துவிட்டேன் என்று வந்தார். கல்லாவில் இருந்த பெண் அவரைப் பரிதாபமாகப் பார்த்து, "அதெல்லாம் போய் நாலு மாசம் ஆச்சேம்மா" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அப்படித்தான் இருந்தது.

இதற்கெல்லாம் காரணம் அண்ணன் தம்பிப் போட்டி. அப்பாவின் கடையைப் பிரித்துக்கொண்டு, இனி ஒருத்தன் முகத்தில் ஒருத்தன் முழிப்பதில்லை என்று சபதம் போட்டு, முகத்துக்கு நேரே தெருவின் இரண்டு பக்கமும் கடை திறந்தவர்கள் அவர்கள். இரண்டுக்கும் பெரிய எழுத்தில் பெயர்ப் பலகை உண்டு, யாரும் படித்ததில்லை. அண்ணன் கடை, தம்பி கடை, அவ்வளவுதான். விலையைக் குறைப்பதில் மோதி இரண்டு பேரும் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு, கிறிஸ்துமஸை யார் முதலில் கழற்றுவது என்று ஆரம்பித்தார்கள். ஒரு வருஷம் அண்ணன் இருபத்தாறாம் தேதி மத்தியானமே நட்சத்திரத்தை இறக்கினார். அடுத்த வருஷம் தம்பி அன்றைக்குக் காலையிலேயே. அதற்கடுத்த வருஷம் அண்ணன் இருபத்தைந்தாம் தேதி சாயங்காலம், கடைசி நேரத்தில் பரிசு வாங்க ஓடிவந்த ஒரு பெரியவர் கையிலிருந்த பொம்மையைப் பிடுங்கி அட்டைப் பெட்டியில் போட்டு மூடினார். முடிந்த பண்டிகை கடையில் நின்றால் தரித்திரம் என்பதுதான் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒத்துப்போன ஒரே விஷயம்.

தம்பி கடையின் ஷோகேஸை அலங்கரிப்பவளை முதலாளி முதல் மூட்டை தூக்குகிறவர் வரை ஷோகேஸ் அக்கா என்றே கூப்பிட்டார்கள். கை என்றால் கை, அப்படி ஒரு கை. கத்தரிக்கோலை எடுத்தாளானால் மரம், மணி, பஞ்சுப் பனி எல்லாம் கீழே கிடக்கும், காபி ஆறுவதற்குள் வேறொரு பருவம் நிற்கும். அண்ணன் கடையில் இதே வேலையைச் செய்தவர் அவளுடைய வீட்டுக்காரர். அவரை ஏணிக்காரர் என்பார்கள். ஏணியில் ஏறினால் இறங்க மனசு வராத மனிதர். சீரியல் லைட்டைக் கழற்றினால், அதை ஓர் அட்டையில் சிக்கு விழாமல் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு பல்பையும் சட்டை நுனியால் துடைத்துத்தான் பெட்டியில் வைப்பார். "அறுத்துப் போடுய்யா" என்று அண்ணன் கீழே நின்று கத்தினால், "அடுத்த வருஷம் எரியணும்ல முதலாளி" என்பார் மேலேயிருந்து. அண்ணன் வடிகட்டின கஞ்சர். ஜெயிப்பதைவிட பல்பு முக்கியம் என்று பந்தயத்தை விட்டுவிட்டார். அன்றிலிருந்து அண்ணன் கடை காலண்டரோடு சேர்ந்து நடந்தது. பின்னால் யாரும் துரத்தவில்லை என்று தெரியாமல் தம்பி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தார்.

கோடையை வைத்த கையோடு அவர் பள்ளிக்கூடப் பைகளை வைக்கச் சொன்னார், அது முடிவதற்குள் மழைக்கோட்டு, அப்புறம் கம்பளி. பை வாங்கப் போன ஒரு சின்னப் பெண் மூன்றாம் வகுப்பில் உள்ளே நுழைந்து நான்காம் வகுப்பில் வெளியே வந்தாள். அம்மாக்காரிக்குச் சந்தோஷம்தான், ஒரு வருஷத்து ஃபீஸ் மிச்சம். மழைக்கோட்டு வைத்த வாரம் கூரை ஒழுகாமலே கடைக்குள் மழை பெய்தது, வாசலில் மாப் போட ஓர் ஆளை நிறுத்தினார்கள். ஜூன் மாதம் ஒருநாள் காலையில் கிறிஸ்துமஸ் வந்தது. மத்தியானம் இறக்கிவிட்டார்கள். விற்கிற பெண்களுக்கு இதெல்லாம் மேலுக்குத்தான் ஒட்டியது, வீட்டுக்குப் போய்க் குளித்தால் போய்விடும். நாள் முழுக்கக் கண்ணாடிக்கு உள்ளேயே நின்ற ஷோகேஸ் அக்காவுக்குத்தான் முழுசாக ஒட்டிக்கொண்டது. தெருவுக்கு ஒரு நாள் போனால் அவளுக்கு இரண்டு நாள் போயிற்று.

முதலில் அது வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தெரிந்தது. அவளும் ஏணிக்காரரும் எவ்வளவு வேலை இருந்தாலும் ராத்திரிச் சாப்பாட்டை எதிரெதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். பரிமாறிவிட்டு அவள், "உப்பு போதுமா?" என்று கேட்பாள், அவர் ஒரு வாய் தின்று யோசித்துப் பதில் சொல்வார். ஜனவரியில் அந்தப் பதில் கொஞ்சம் தாமதித்தது. யோசிக்கிறார் என்று விட்டுவிட்டாள். பிறகு கேட்ட கேள்விக்கு மறுநாள் பதில் வந்தது, பிறகு பத்து நாள் கழித்து. ஷோகேஸில் முட்டி போட்டு மணல் அள்ளிக்கொண்டிருக்கும்போது காதருகே, "கொஞ்சம் கம்மி" என்று அவர் குரல் கேட்கும். எந்தச் சாப்பாட்டுக்கு என்று அவளுக்கு நினைவிருக்காது. அவர் பக்கத்திலும் கதை அதேதான். அவள் சமைத்து வைத்த நாளுக்கு அவர் வந்து சேர்வதற்குள் தட்டு சில்லிட்டுப் போயிருக்கும், கேள்வி மட்டும் மேசைக்கு மேலே நின்றுகொண்டிருக்கும். அவளுடைய பிறந்தநாள் மார்ச்சில். அவளுக்கு அது பிப்ரவரியிலேயே வந்துவிட்டது, தனியாக உட்கார்ந்து அவரை வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவர் மார்ச்சில் வழக்கம்போல் மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது சமைத்தது ஆறிப்போயிருந்தது, திட்டு மட்டும் ஆறவில்லை. "தப்பா எடுத்துக்காதம்மா, மறந்துட்டேன்" என்று அவர் சொன்னது அவள் ஜூனில் இருந்தபோது வந்து சேர்ந்தது. எதற்கு என்று தெரியாமலே மன்னித்தாள்.

அப்புறம் அவரைப் பார்க்கவே முடியாமல் போயிற்று. வீட்டில் நாற்காலி இருக்கும், நாற்காலியில் ஆள் இருக்காது. தெருவுக்கு அந்தப் பக்கம் ஏணி தெரியும், ஏணியில் யாரும் தெரியாது. அவருடைய குறட்டையைக் குறை சொல்லியே காலம் தள்ளியவளுக்கு இப்போது அது இல்லாமல் தூக்கம் வரவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் எதையும் வேகமாகச் செய்ததில்லை என்று எத்தனை தடவை சலித்துக்கொண்டிருப்பாள். இப்போது அவர் மெதுவாகச் சுற்றுகிற பல்பு மாலைக்கு அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும் என்று இருந்தது. இப்படியே போனால் தான் கிழவியாகி ஒருநாள் போய்ச் சேர்ந்துவிடுவோம், அவருக்கு அது அப்புறம் எப்போதோதான் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கு அவர் வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

ஓடாமல் நின்று பார்த்தாள். கத்தரிக்கோலை ஒளித்துவைத்துவிட்டு, அவரைப்போலவே ஒவ்வொன்றாகச் சுற்றிக் கழற்றினாள். கண்ணாடியின் மூலையில் ஒரு சின்ன நட்சத்திரத்தை வேண்டுமென்றே மறந்துவிட்டாள். காலையில் அதைப் பார்த்த முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "என்னக்கா இது, எதிர்க்கடைக்காரன் பார்த்தா என்ன நினைப்பான்" என்று கேட்டு இரண்டு வேளை சாப்பிடவில்லை. வேலையை விட்டுவிடலாம் என்று ஒரு வாரம் வீட்டிலும் இருந்து பார்த்தாள். ஓட்டம் நின்றது, இடைவெளி குறையவில்லை. காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்காருவதற்கு வேலைக்கே போகலாம் என்று திரும்பிவிட்டாள்.

வழி குடோனில் கிடைத்தது. கடையின் பின்னால் இருக்கிற அந்த அறையில் அலங்காரப் பெட்டிகளைச் சுவரை ஒட்டிச் சுற்றி அடுக்கியிருப்பாள்: கோடை, பள்ளிக்கூடம், மழை, கம்பளி, கிறிஸ்துமஸ், அதற்குப் பக்கத்தில் மறுபடியும் கோடை. ஆகஸ்டு மாதம் ஒருநாள் கோடைப் பெட்டியை மூடிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அண்ணன் கடை ஷோகேஸில் அப்போது மழைக்கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அவர் இருக்கிற மழைக்குத் திரும்பிப் போக வேண்டுமானால் பின்னால் எத்தனை பெட்டி என்று பார்த்தாள். கிறிஸ்துமஸ், கம்பளி, மழை. மூக்கைத் துடைத்துக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பினாள். பள்ளிக்கூடம், மழை. மறுபடி ஒருமுறை பார்த்தாள். முன்னால் போவதுதான் கிட்டம். இத்தனை நாள் இதே அறையில் புழங்கிவிட்டு இது தெரியாமல் இருந்தோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

நேரே முதலாளியிடம் போய், "நாம ரொம்ப மெதுவா போறோம் முதலாளி" என்றாள். இப்படி ஒரு வார்த்தையை ஒரு வேலைக்காரர் வாயிலிருந்து கேட்பதற்காகத்தான் அவர் இத்தனை காலம் கடை நடத்தியிருந்தார். கண் கலங்கிவிட்டது. அதற்கப்புறம் அந்தக் கண்ணாடிக்குள் நடந்ததை ஊரில் பார்க்காதவர்கள் இல்லை. பள்ளிக்கூடப் பை தொங்கும்போதே அதன் மேல் மழை பெய்தது, ஈரம் காய்வதற்குள் கம்பளி வந்தது. அவள் நகம் வெட்டி மாளவில்லை. காதோரம் நரை விழுந்தது. டிசம்பர் கடைசியில், தெருவில் கிறிஸ்துமஸ் முடிந்து எல்லாக் கடைக்காரர்களும் எப்போதும்போல அவசர அவசரமாக நட்சத்திரத்தை இறக்கிக்கொண்டிருந்த இருபத்தாறாம் தேதி காலையில், தம்பி கடை ஷோகேஸில் மரம் நின்றது, மணி தொங்கியது, பஞ்சுப் பனி சொட்டு சொட்டாக உருகிக்கொண்டிருந்தது.

எதிரே அண்ணன் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். சபதத்தை மறந்து தெருவைக் கடந்து வந்து, "என்னடா தம்பி, இன்னும் எடுக்கலையா?" என்றார். பிரிந்த பிறகு பேசிய முதல் வார்த்தை அது. "இது அடுத்த வருஷத்ததுண்ணே" என்றார் தம்பி பெருமையாக. அண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தார். பாவம், கடை கடை என்று அலைந்து தலைக்கு ஏறிவிட்டது என்று முடிவு பண்ணி, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து டீ சொன்னார். மெழுகுவர்த்தி வாங்க மறந்தவர்கள், ஊருக்குப் போய்த் தாமதமாகத் திரும்பியவர்கள், பண்டிகையன்று வேலைக்குப் போனவர்கள் எல்லாரும் தம்பி கடையை மொய்த்தார்கள். முழு விலைக்கே விற்றது.

ஷோகேஸ் அக்கா எதையும் கவனிக்கவில்லை. கண்ணாடிக்குள் நின்றபடி தெருவுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். ஏணி இருந்தது. ஏணியில் ஆள் இருந்தது. கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஏணிக்கடியில் நின்றாள். அவர் சுற்றிக்கொண்டிருந்த அட்டையோடு குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, தலை நரைச்சிருக்கே."

"எனக்கு ஒரு வருஷம் அதிகமா ஆயிடுச்சுங்க."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னேன். உங்களுக்கு இன்னும் வந்து சேரல."

அதுவும் சரிதான் என்பதுபோல அவர் தலையை ஆட்டிவிட்டு அட்டையைக் கீழே நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் வரை சுற்றினார்கள்.

ராத்திரி எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவள் பரிமாறிவிட்டு, கேட்கலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் பயந்து, "உப்பு போதுமா?" என்றாள். அவர் ஒரு வாய் தின்றார், யோசித்தார். "கொஞ்சம் கம்மி" என்றார். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். அவர் பதறிப்போய், "பரவால்லம்மா, பரவால்ல, சாப்பிடலாம்" என்று மளமளவென்று தட்டைக் காலி செய்தார். வாழ்க்கையில் அவர் வேகமாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

முழுசாக ஒரு வருஷம் முன்னால் நிற்கிறோம், இனி எவனும் பிடிக்க முடியாது என்று தம்பியும் நிதானத்துக்கு வந்துவிட்டார். இரண்டு கடையும் இப்போது ஒன்றாகவே மழைக்கோட்டு மாட்டுகின்றன, ஒன்றாகவே எடுக்கின்றன. ஷோகேஸ் அக்கா காலையில் அடுத்த வருஷத்துக்கு வேலைக்குப் போய்விட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுகிறாள். மேசையில் மட்டும் சில ராத்திரிகளில் அந்தக் கேள்வி இரண்டு முறை கேட்கும். ஒன்று எதிரே உட்கார்ந்திருப்பவள் கேட்பது. இன்னொன்று காலி நாற்காலிக்கு எதிரே தனியாக உட்கார்ந்து அவள் அப்போது கேட்டது. ஏணிக்காரர் இரண்டு பேருக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வாய் சாப்பிடுகிறார்.