பயணம் அல்ல, முன்சோதனை

“அந்தக் கடையில சூப் குடிக்கிறதும் குட்டைத் தண்ணியைக் குடிக்கிறதும் ஒண்ணுதான். அடிச்சிரு.”

“அம்மா, அது கடலைப் பார்த்த கடைம்மா. எல்லாரும் போட்டோ எடுத்துப் போடுறாங்க.”

“கடை கடலைப் பார்த்துதான் இருக்கு. சமையல்கட்டு சாக்கடையைப் பார்த்திருக்கு. அதை யாரு போட்டோ எடுத்தா? நான்தான் எடுத்தேன். ஆபீஸ்ல கிடக்கு, வேணும்னா காட்டுறேன்.”

மகள் பென்சிலால் ஒரு கோடு போட்டாள்.

“அந்தக் கடைக்குப் போகணும்னா முதல்ல முகத்துவாரப் பாலத்தைத் தாண்டணுமே,” என்றார் அப்பா, கால் நகத்தை வெட்டிக்கொண்டே. “அதுல நான் குடும்பத்தோட போக மாட்டேன்.”

“தினமும் அத்தனை பஸ் போகுதேப்பா!”

“போகுது. அவங்க யாரும் அடியில இறங்கிப் பார்த்ததில்ல.”

இன்னொரு கோடு. சாப்பாட்டு மேசையில் விரித்திருந்த கடற்கரை வரைபடம் இப்போது அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது.

அம்மா உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் ஆய்வாளர். கடலோரத்து உணவகங்கள் எல்லாம் அவள் கைக்குள். எந்தக் கடைக் குளிர்பெட்டியில் எத்தனை நாள் மீன் உறங்குகிறது, எந்தச் சமையல்காரர் எந்தக் கையால் மூக்கைச் சொறிவார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அப்பா பாலங்களைச் சோதிக்கும் பொறியாளர். மேலே போகிறவர்கள் கடலைப் பார்த்து ஆஹா என்னும்போது, அவர் கீழே தொங்கிக்கொண்டு துருவைப் பார்த்து அடடா என்பார். தனித்தனியாக இருவரும் ஊருக்கு நல்லதே செய்தார்கள். ஒரே மேசையில் உட்கார வைத்தால் அந்தக் கடற்கரை முழுவதும் உண்ண ஓர் இடமும் இல்லை, கடக்க ஒரு வழியும் இல்லை.

இருவரையும் உட்கார வைத்தவள் மகள். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை அவளுடைய இடம். வாயைத் திறக்கப் பயப்படுகிறவர்களை நயமாகப் பேசி நாற்காலி வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. வீட்டிலும் இப்போது அதே வேலைதான்.

போன மாதம் அம்மாவுக்குப் பதவி உயர்வு வந்தது. தலைநகரத்துப் பரிசோதனைக் கூடத்தில் பெரிய நாற்காலி. கடலிலிருந்து ஒரு முழு நாள் ரயிலில் போனால்தான் அந்த ஊர். போவதென்றால் தனியாகத்தான் போக வேண்டும். பாலங்களைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போக முடியாதே. அம்மா செய்தியைச் சொன்னபோது அப்பா கூடத்து பல்பை மாற்றிக்கொண்டிருந்தார். ஏணியிலிருந்து இறங்காமலே, “உன் இஷ்டம்மா,” என்றார். அடுத்த வாக்கியத்துக்காக அம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பல்பு எரிந்தது. அவ்வளவுதான்.

“போகாதேன்னு ஒரு வார்த்தை சொன்னா நாக்கு தேஞ்சா போயிடும்?” என்று அன்று சமையலறையில் மகளிடம் பொரிந்தாள் அம்மா. “சொல்லட்டும், இங்கேயே கிடக்கேன். இல்ல, போய்ட்டு வான்னு சந்தோஷமா சொல்லட்டும், கிளம்புறேன். ரெண்டும் கெட்டான் மாதிரி இஷ்டமாம் இஷ்டம்!”

மகள் அப்பாவிடம் போனாள். “நான் எப்படி பாப்பா சொல்றது?” என்றார் அவர். “அவ உழைச்சு வாங்கினது. நான் குறுக்க நின்னா நல்லாவா இருக்கும்?”

இருவருமே நியாயவான்கள். அதுதான் அந்த வீட்டுக்குப் பிடித்த சனி. ஒரு வாரம் கழித்து வரும் திங்கட்கிழமைக்குள் அம்மா பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே மகள் அதற்கு முந்தைய வாரம் முழுக்க இருவரையும் விடுப்பு எடுக்க வைத்து, கடலோரச் சாலையில் ஒரு வாரப் பயணம் என்று வரைபடத்தை விரித்தாள். அவள் படித்த வெளிநாட்டு நாவல்களில் காருக்குள் நாள்கணக்கில் உட்கார்ந்த தம்பதிகள் ஏதாவது ஒரு வளைவில் மனதைத் திறந்துவிடுவார்கள். பக்கத்தில் கடல் இருந்தால் இன்னும் சீக்கிரம் திறப்பார்கள். தன் அப்பா கடலைப் பார்த்தால் “உப்புக் காத்து, இரும்புக்கு ஆகாது” என்பார் என்பது தெரிந்திருந்தும், அவள் நாவல்களைத்தான் நம்பினாள்.

ஞாயிறு மாலைக்குள் வரைபடத்தில் அடிபடாத இடம் என்று ஒன்றுகூட மிஞ்சவில்லை. கலங்கரை விளக்கத்தின் படிக்கட்டுக் கம்பிகளை அப்பா நிராகரித்தார். அதன் வாசலில் இருந்த ஐஸ்கிரீம் வண்டியை அம்மா நிராகரித்தாள். வெள்ளை மணல் கடற்கரை அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் சந்தேகமான ஒரு பாலம் இருந்தது; பின்னால் ஒரு பரோட்டாக்கடைகூட இல்லாத வெறுமை. வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொன்றையும் அடிக்கும்போது இருவரும் சிரித்தார்கள். “அந்தக் கடை முதலாளி என்னைப் பார்த்ததும் பூனையைக் கூடையால மூடி, அது கோழின்னு சொன்னானே!” என்று அம்மா சொல்ல, அப்பாவுக்குப் புரை ஏறியது.

“சரி,” என்று மகள் வரைபடத்தை மடித்தாள். “வீட்டுலயே இருப்போம். ஆளுக்கொரு மூலையில.”

குரல் உடைந்தது அப்பாவுக்குக் கேட்டிருக்க வேண்டும். நகவெட்டியை மூடினார். “அப்படிச் சொல்லாதே. நாங்க சொல்றது எல்லாம் பழைய அறிக்கை. பார்த்து ரெண்டு வருஷமாச்சு. இடையில சரி பண்ணியிருக்கலாம்.”

“அதுவும் உண்மைதான்,” என்றாள் அம்மா. “நேர்ல பார்க்காம ஒரு இடத்தைத் தள்ளுபடி பண்றது முறையில்ல.”

“அப்போ நாளைக்குக் காலையில போய் முதல் இடத்தை மட்டும் சோதிச்சுட்டு வந்துடுவோம். தேறிச்சுன்னா அடுத்த மாசம் முறையாப் பயணம் போகலாம்,” என்றார் அப்பா.

பயணம் போகலாமா என்று பார்க்கப் பயணம் போகிற குடும்பம் உலகத்திலேயே தன்னுடையது ஒன்றாகத்தான் இருக்கும் என்று மகள் நினைத்தாள். வாய் திறக்கவில்லை. பல் பிடுங்கப்போகிறோம் என்று நோயாளியிடம் யாராவது சொல்வார்களா?

மாற்றுத் துணி எடுக்கவில்லை. சோதனைக்குப் போகிறவர்களுக்கு மாற்றுத் துணி எதற்கு? அப்பா சுத்தியலும் டார்ச்சும் எடுத்தார். அம்மா கையுறையும் சூடு பார்க்கும் கருவியும் எடுத்தாள்.

முகத்துவாரப் பாலத்தில் அப்பா காரை ஓரங்கட்டிவிட்டுக் கரையில் இறங்கினார். “டார்ச்சைப் பிடிக்க ஆள் வேணுமே,” என்று கீழிருந்து குரல் வந்தது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். தூணைத் தூணாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார்கள். மேலே நின்ற மகளுக்குச் சுத்தியல் சத்தமும், நடுநடுவே, “இங்க காட்டு. அங்க இல்ல, இங்க,” “கையை ஆட்டாதீங்க, நான் எங்கன்னு காட்டுறது?” என்ற பேச்சும் கேட்டன. அரை மணி கழித்து இருவரும் முழங்கால் வரை சேற்றோடு ஏறி வந்தார்கள்.

“விரிசலையெல்லாம் பூசியிருக்கான்,” என்றார் அப்பா, எதிர்பார்த்தது கிடைக்காத ஏமாற்றத்தோடு. “நல்லாவே பூசியிருக்கான்.”

சூப் கடையில் வேறு கூத்து. ஆனை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். அம்மா காரிலிருந்து ஒரு காலைத்தான் கீழே வைத்தாள், உள்ளே பாத்திரங்கள் கதறின. முதலாளி ஈரக் கையோடு ஓடி வந்தார்.

“மேடம்! ஒரு போன் பண்ணியிருந்தா...”

“பண்ணியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

முதலாளிக்கு அந்தக் கேள்விக்குச் சரியான பதில் எதுவென்று தெரியவில்லை. “நாற்காலி துடைச்சு வச்சிருப்பேன், மேடம்,” என்றார்.

அம்மா குளிர்பெட்டியைத் திறந்தாள், எண்ணெயை முகர்ந்தாள், வெட்டுப் பலகையைத் திருப்பிப் பார்த்தாள். சாக்கடைக்கு இப்போது மூடி போட்டிருந்தது. “தேறுது,” என்றாள் மனமில்லாமல். “ஆனா ருசி பார்க்காம முடிவு எழுத முடியாது. மூணு சூப் கொடுங்க. மாதிரிக்கு. காசு வாங்கிக்கணும்.”

அப்பா தன் மாதிரியை வழித்துக் குடித்தார். “ஒரு மாதிரியை வச்சு எப்படி முடிவு சொல்றது?” என்று இன்னொன்று கேட்டார். பிறகு வறுத்த மீனிலும் ஒரு மாதிரி எடுக்கப்பட்டது.

வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வீட்டுக்குத் திரும்ப வேண்டிய நேரம். அப்பா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தார். “இவ்வளவு தூரம் வந்தாச்சு. அடுத்த பாலம் பக்கத்துலதான்.”

“திரும்ப ஒரு தடவை வர்றது பெட்ரோலுக்குக் கேடு,” என்றாள் அம்மா.

அப்படியே போனது அந்த வாரம். வழியில் ஒரு கடையில் மூன்று பல்துலக்கிகளும் ஆளுக்கு இரண்டு சட்டைகளும் வாங்கினார்கள். அப்பாவுக்குக் கிடைத்த சட்டையில் கிளிகள் இருந்தன. “வேலைக்குத்தானே,” என்று போட்டுக்கொண்டார். தங்கிய விடுதியில் நிர்வாகி சிரித்த முகத்தோடு, “சுற்றுலாவா சார்?” என்று கேட்டதற்கு, கிளிச்சட்டைக்குள்ளிருந்து நிமிர்ந்து, “இல்லை. ஆய்வு,” என்றார். நிர்வாகியின் சிரிப்பு போய்விட்டது. அன்று இரண்டு முறை அறையைப் பெருக்கினார்கள்.

கலங்கரை விளக்கத்தில் ஒவ்வொரு படியையும் உதைத்துப் பார்த்துக்கொண்டே ஏறினார்கள். உச்சியில் காற்று அம்மாவின் சேலையை அப்பாவின் முகத்தில் அடித்தது. அவர் அதை விலக்கவில்லை; கம்பியைப் பிடித்துச் சோதித்துக்கொண்டிருந்ததால் கை ஒழியவில்லை என்று பிற்பாடு விளக்கம் கொடுத்தார். அங்கிருந்த ஓர் இளம் ஜோடி, “உங்களைச் சேர்த்து ஒரு போட்டோ எடுக்கட்டுமா?” என்று கேட்டது. அம்மா தயங்கினாள். “எடுக்கட்டும்,” என்றார் அப்பா. “கம்பியோட உயரம் தெரியணும்ல. நீ பக்கத்துல நில்லு, அளவுக்கு.” அம்மா அளவுக்கு நின்றாள்.

மகளுக்கு ஒரே பயம்தான்: யாராவது இதைப் பயணம் என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் இருவரும் அந்த இடத்திலேயே காரைத் திருப்பிவிடுவார்கள். அழகாக இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியபோதெல்லாம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வெள்ளை மணலில் அந்தி இறங்கி, தண்ணீர் செம்பாகி, அம்மா தன்னையறியாமல் பெருமூச்சு விட்டபோதும், “மணல் சுத்தமாத்தான் இருக்கு, இல்லம்மா?” என்று மட்டும் சொன்னாள். அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆனால் நாள் தேயத் தேய மகள் மீதி நாட்களை விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். பேசினார்கள்தான். துருவைப் பேசினார்கள், எண்ணெயைப் பேசினார்கள், எதிரில் வந்த லாரிக்காரனின் பரம்பரையையே பேசினார்கள். திங்கட்கிழமையைப் பற்றி மட்டும் ஒரு பேச்சும் இல்லை. ஏழு நாள் நாற்காலியில் உட்கார வைத்தும் நோயாளி வாயைத் திறக்கவில்லை.

ஞாயிறு மாலை சாலை முடிந்துவிட்டது. நிஜமாகவே முடிந்தது, தார் மணலுக்குள் போய் மறைந்தது. அங்கே ஒரு சிறிய உணவகம், நான்கு மேசைகள். சோதித்தார்கள், தேறியது, சாப்பிட்டார்கள். அம்மாவின் கைபேசி அடித்தது. “ஆமா சார். இல்ல சார், மறக்கல. நாளைக்குக் காலையில சொல்லிடுறேன்,” என்று பேசிவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

மகள் எழுந்தாள். “நான் கார்ல உட்கார்ந்திருக்கேன்,” என்று போனாள். கார் பத்தடி தூரத்தில்தான் இருந்தது. கண்ணாடியை இறக்கிக்கொண்டாள்.

அப்பா தொண்டையைச் செருமினார். “ஆக, மொத்தத்துல தேறிடுச்சு. ரெண்டு பாலத்துலதான் கொஞ்சம் சந்தேகம். அடுத்த மாசம் முறையா ஒரு வாரம் போட்டு, பயணமா வந்துடலாம். என்ன?”

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். “அடுத்த மாசம் நான் எங்க இருப்பேன்?”

அப்பா கிளிச்சட்டையின் பொத்தானைத் திருகினார்.

“இந்த வாரம் பூரா எல்லாத்தையும் தட்டிப் பார்த்தீங்க,” என்றாள் அம்மா. கோபமில்லை, களைப்புதான். “தூணைத் தட்டினீங்க, படியைத் தட்டினீங்க, விடுதிக் கட்டிலைக்கூடத் தட்டினீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“என்னன்னு கேட்கிறது? கேட்டா நீ எனக்காக விட்டுடுவ. பின்னாடி வருத்தப்படுவ.”

“அது என் வருத்தம். அதுக்கும் நீங்கதான் சான்றிதழ் கொடுக்கணுமா?”

உணவகத்துக்காரர் மேசையைத் துடைக்க வந்து, இருவர் முகத்தையும் பார்த்துத் துணியோடு திரும்பிப் போனார். காருக்குள் மகள் மூச்சை அடக்கிக்கொண்டாள். அப்பா பொத்தானை விட்டார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கடைசியில் மேசை மேல், அம்மாவின் கைபேசிக்குப் பக்கத்தில் வைத்தார்.

“நான் கேட்கிறது நியாயமான்னு தெரியல,” என்றார். “நியாயமா இருக்காதுன்னுதான் தோணுது. நீ அங்க போனா நல்லா வருவ, அதுவும் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். போக வேண்டாம். இங்கேயே என்கூட இருந்துடேன்.”